வலது பக்கம் நிக்கறவரு

ஒரு மனுசன் செத்தா, செத்தாருன்னு எழுதறதுக்குக்கூட எங்க ஊருல ஆளில்லீங்க. அமரர் ஆனாரு, இயற்கை எய்தினாரு, இறைவனடி சேர்ந்தாரு, எதையாச்சும் போட்டுத் தொலைங்க, நான் வேண்டாங்கல. ஆனா சீனண்ணனுக்கு அவரு தம்பி நரசிம்மலு வெச்ச பேனரைப் பாத்ததும் எனக்கு வந்த கோவத்துக்கு, கையில இருந்த டீ கிளாஸை வீசியடிச்சிருப்பேன். கிளாஸு கடைக்காரனுது, அதனால விட்டேன்.

தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்துல எங்க ஊரு. பஸ் ஸ்டாப்புல டீக்கடை, அதுக்குப் பக்கத்துல என்ற கடை, ரசாக் சவுண்ட் சர்வீஸ். மைக்செட்டு, பந்தல், சேரு, பாத்திரம், எல்லாம் வாடகைக்கு. சீனண்ணனோட பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் சாமானை எடுக்கலாம்னு காத்தால வந்தா, என்ற கடை ஷட்டரை மறைச்சுக்கிட்டு ரெண்டு இரும்புக் கம்பத்துல நிக்குது அந்த பேனரு.

'1971 போரில் எதிரிகளைத் துவம்சம் செய்த மாவீரன், வானொலிப் புகழ் சீனிவாசலு அவர்களின் வீரமரணத்திற்குக் கண்ணீர் அஞ்சலி.'

வீரமரணமாமா! மனுசன் மத்தியானம் அரிசிம்பருப்புச் சோத்துல நெய்ய ஊத்தி ரெண்டு தரம் வாங்கித் தின்னுபோட்டு, பொண்டாட்டிகிட்ட 'பங்காரு, அப்பளம் நமுத்துப் போச்சு'ன்னு ஒரு குத்தமும் சொல்லிப்போட்டு, கட்டல்ல சாஞ்சவரு எந்திரிக்கல. எழுவத்தஞ்சு வயசு. யாருக்குக் கெடைக்கும் அப்படிச் சாவு?

அப்பறம் அந்த வானொலிப் புகழ். சண்டையில அவரு ஒயர்லெஸ் ஆபரேட்டரு. பட்டாளத்த விட்டு வந்து ரேடியோ ஸ்டேஷன்ல வேலைக்குச் சேந்தாரு. நேயர் விருப்பத்துக்கு மூட்டை மூட்டையா வர்ற போஸ்ட் கார்டப் பிரிச்சு, ஊரு பேரு எழுத்துத் தெரியறதை எடுத்து அடுக்கி, அறிவிப்பாளருகிட்டக் குடுக்கறது. அதான் வேலை. ரிட்டயர் ஆயி வந்ததும் என்ற உசுர எடுத்தாரு. மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட்டுக் கட்டுனா 'ரசாக்கு, ஸ்பீக்கர்ல உய்ங்னு ஹம்மிங் வருது'ம்பாரு. ஒரு காது டமாரம், ஆனா ஹம்மிங் மட்டும் கேக்கும். பள்ளிவாசல் பாங்கு ஸ்பீக்கரையும் விடல. எங்க இமாமே ஒருநாள், 'அந்த நாயுடு சொல்றாரு, ஒயரை மாத்திப் போடப்பா'ன்னு என்னைக் கூப்புட்டு உட்டாரு. பேசறதும் ரெண்டு ரெண்டு தரம். 'நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன். கேட்டுதா?' கேட்டுதுங்க, கேட்டுதுங்க, என்ற காதே கிழிஞ்சு போச்சு.

சரி, பேனருக்கு வாரேன். மேல வரிசையாக் கட்சித் தலைவருங்க. கீழ கையக் கும்பிட்டுக்கிட்டு நரசிம்மலு, அண்ணனை விடப் பெருசா. உள்ளாட்சித் தேர்தல் வருதில்லீங்க. நடுவுல மட்டும், மிலிட்டரித் தொப்பி போட்ட சின்ன வயசுப் பையன் ஒருத்தன் கலர் கலராச் சிரிச்சுக்கிட்டு நின்னான். எனக்கு என்னமோ சந்தேகம் தட்டுச்சு. சீனண்ணனுக்குக் காது வெடச்சுக்கிட்டு நிக்கும். இந்தப் பையன் காது அடக்கமா இருந்துச்சு. செல்லுல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு அவங்க ஊட்டுக்குப் போனேன்.

பங்காரம்மாக்கா முன்கட்டு ஆசாரத்துல உக்காந்து, வந்திருந்த ஒறம்பரைச் சனத்துக்குச் சீப்பு சீப்பா வாழைப்பழத்தைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. பக்கத்துத் தோட்டத்துல யானை பூந்து நேந்திரனை நாசம் பண்ணுனதுல, மிஞ்சுனதைத் தோட்டக்காரன் கொண்டாந்து கொட்டிப்போட்டுப் போயிருந்தான். ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காலில வடைக்கு மாவு ஆட்டற சத்தம். ஊட்டுக்குள்ள எல்லாரும் தெலுங்குல பேசிக்கிட்டிருந்தவங்க, என்னைப் பாத்ததும் தமிழுக்கு வந்தாங்க.

"அக்கா, இதைச் சித்தெ பாருங்க."

அக்கா செல்ல வாங்கிக் கண்ணாடிய மேல தூக்கிப் பாத்தாங்க.

"அய்யோ ரசாக்கு. இது பொங்கியண்ணன்."

செவுத்துல ஒரு பழைய போட்டோ தொங்குமுங்க. மிலிட்டரி டிரஸ்ஸுல ரெண்டு பேரு தோளோட தோளு நிப்பாங்க. ஒருத்தரு சீனண்ணன். இன்னொருத்தரு அவரு கூட்டாளி, அந்தியூருக் கவுண்டரு பொங்கியண்ணன். ரெண்டு பேரும் ஒரே செட்டுல ஒயர்லெஸ் பாத்தவங்க. சண்டையில பொங்கியண்ணன் காணாமப் போயிட்டாருன்னு மட்டும் எனக்குத் தெரியும்.

அந்நேரம் பாத்து நரசிம்மலு உள்ள வந்தாரு. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, செண்டு வாசம் அண்ணன் காரியத்தையே தூக்கிச் சாப்புட்டுரும்.

"என்ன வதினே, பேனரு பாத்தீங்களா? பிரமாதமா இருக்குதில்ல?" வதினேன்னா அவங்க பாசையில அண்ணி.

"நரசிம்மலு, அது உங்கண்ணனா?"

"பின்ன?"

"நல்லாப் பாரு. கூடப் பொறந்தவன் மூஞ்சி தெரியலியா உனக்கு?"

நரசிம்மலு செல்லப் பாத்தாரு, செவுத்தப் பாத்தாரு, மறுபடி செல்லப் பாத்தாரு. "ஃப்ளெக்ஸ் கடைக்காரன் யாருன்னு கேட்டானுங்க. வலது பக்கம் நிக்கறவருன்னு சொன்னேன்."

"எந்த வலதுங்க?" நான் கேட்டேன். "பாக்கறவனுக்கு வலதா, போட்டோவுல நிக்கறவனுக்கு வலதா?"

"எங்கண்ணன் வலது கைப்பக்கம்..." சொல்லிக்கிட்டே நரசிம்மலு செவுத்தப் பாத்துத் தன்ற கையத் தூக்கிப் பாத்தாரு. திரும்பி நின்னு இன்னொரு தரம் தூக்கிப் பாத்தாரு. இவரு கவுன்சிலர் ஆயி எங்களுக்கு ரோடு போடப் போறாராம்.

"பிரிண்ட் ஆயி வந்தப்பப் பாக்கலீங்களா?"

"பாத்தேன் ரசாக்கு. என்ற மூஞ்சி சரியாத்தான வந்திருந்துச்சு?"

அட கெரகமே!

"சரிங்க, மூஞ்சிதான் போச்சு. வீரமரணம்னு ஏனுங்க போட்டீங்க?"

"மிலிட்டரிக்காரன் எப்படிச் செத்தாலும் வீரமரணந்தான். உனக்கென்ன தெரியும்?"

"அப்ப லைன்மேன் செத்தா மின்சார மரணங்களா?"

"எகத்தாளமா? யாருய்யா இதையெல்லாம் உத்துப் பாக்கப் போறாங்க? தொப்பி இருக்குது, மீசை இருக்குது. நாளைக்கு மாத்திக்கலாம்."

"இன்னைக்குக் கழட்டணும்," பங்காரம்மாக்கா எந்திரிச்சு நின்னாங்க. "இப்பவே. பாவாத்தா வர்றா."

"யாரு வந்தா என்ன? மேல தலைவரு படம் இருக்குது வதினே. கை வெச்சா என்ற சீட்டு போயிரும். மீறிக் கழட்டுனீங்க, நான் மணையில உக்கார மாட்டேன். கொள்ளி வெச்சவன் நானு. உங்களுக்குப் புள்ளையா குட்டியா? அப்பறம் காரியத்த நீங்களே பண்ணிக்குங்க."

சொல்லிப்போட்டு வெளிய போயி, செல்லக் காதுல வெச்சுக்கிட்டு யாருகிட்டயோ 'வணக்கங்க தலைவரே'ங்கறாரு. புள்ளையில்லாத பொம்பளகிட்டச் சொல்ற பேச்சா அது? எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. அக்கா என்னப் பொடக்காலிக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

"ரசாக்கு, உனக்கு முழுசாத் தெரியாது. பாவாத்தா பொங்கியண்ணன் பொண்டாட்டி. கட்டி ஒரு வருசங்கூட ஆகல, அவரு சண்டைக்குப் போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அவ பொட்டு வெச்சிருக்கா, கலர்ச் சேலைதான் கட்டறா. புருசன் வருவாருன்னு இருக்கா."

"இத்தன வருசமாவுங்களா?"

"ஆமா. அதுக்குக் காரணம் எங்கூட்டுக்காரரு." சொல்லிப்போட்டு அக்கா தண்ணித் தொட்டி மேல உக்காந்துட்டாங்க. "பேட்டரி எடுத்துட்டு வர இவரு பதுங்கு குழியை விட்டு வெளிய போயிருக்காரு. திரும்பி வந்தா குண்டு உழுந்து அங்க குழியும் இல்ல, செட்டும் இல்ல, ஆளும் இல்ல. அள்றதுக்கு ஒண்ணுமில்ல பங்காருன்னு என்கிட்ட ஒரே ஒரு தரம் சொன்னாரு. ஒடம்பு கெடைக்காததுனால சர்க்காரு காணோம்னு எழுதிப்போட்டாங்க. லீவு கெடச்சதும் இவரு நேராச் சேதி சொல்லத்தான் அந்தியூரு போயிருக்காரு. அந்தப் புள்ள சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்து, அவரு எப்பங்க வாராருன்னு கேட்டிருக்குது. இவரு அது நெத்தியப் பாத்துட்டு, வந்துருவாரு அம்மணின்னு சொல்லிப்போட்டு வந்துட்டாரு."

"அடப்பாவமே."

"அந்த ஒரு வார்த்தைய அப்பறம் முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. ரேடியோவுக்கு வந்ததும் என்ன பண்ணுனாரு தெரியுமா? வாரா வாரம் நேயர் விருப்பத்துக்கு அவரே ஒரு கார்டு எழுதுவாரு. அந்தியூர் பொங்கியண்ணன்னு. மத்த கார்டோட அதையும் சேத்து அடுக்கிருவாரு. பேரு ரேடியோவுல வரும். எங்கியோ இருக்காருன்னு அவ தைரியமா இருக்கட்டும்னு. நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், இது தப்புங்க, ஒரு பொம்பளையோட வாழ்க்கைங்கன்னு. கேட்டாத்தானே? ஆடி மாசம் அந்தியூரு குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை பாக்கப் போறேம்பாரு. இவரு எந்தக் காலத்துல குதிரை வாங்குனாரு? அவளைப் பாத்துட்டு வரத்தான் போறது."

வடைச் சட்டியில எண்ணெய் காயற வாசம் வந்துச்சு. அக்கா மூக்கச் சிந்துனாங்க.

"கடேசி வரைக்கும் அந்த மனுசன் அவகிட்ட அந்த வார்த்தைய மறைச்சுக் காப்பாத்தி வெச்சாரு. நான் பதினாறு நாளுல போட்டு ஒடைக்கறதா? சாவுக்கு அவளால வர முடியல, மொழங்கால் வீங்கிப் போச்சு. இன்னைக்கு மொத பஸ்ஸுக்கே ஏறிட்டாளாம். பஸ்ஸுல எறங்குனா எதுத்தாப்பல அவ புருசன் மூஞ்சி, அதுக்குக் கீழ வீரமரணம். மாரடைச்சு அங்கியே உழுந்துருவா ரசாக்கு. நீ போயிக் கழட்டிப்போடு. அவன் மணையில உக்காராட்டிப் போறான், வர்றது வரட்டும்."

ஏணியும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கிட்டு ஓடுனேன். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. அன்னைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஊளையிட்டுக்கிட்டு அடிக்குது, சாரல் வேற மூஞ்சில ஊசியாக் குத்துது, தென்னை மட்டையெல்லாம் பிச்சுக்கிட்டுப் போகுது, இந்த பேனரு மட்டும் அசையல. அந்த லட்சணமா பைண்டிங் ஒயரப் போட்டு முறுக்கியிருந்தானுக. ஒரு வேலையை ஒழுங்காச் செய்யாத பசங்க, செய்யக் கூடாத வேலைய மட்டும் எவ்வளவு கச்சிதமாச் செய்யறானுக பாருங்க. ஊரெல்லாம் சுத்தற யானை இந்தப் பக்கம் வந்து இதை ஒரு இழு இழுத்திருக்கக் கூடாதா?

ஏணியைச் சாத்துனா டீக்கடைக்காரன் ஓடி வர்றான். "ஏனுங் பாயி, கட்சி பேனருங்க. நீங்க போய்க் கழட்டுனா வேற மாதிரி ஆயிருமுங்க."

"எந்த மாதிரி?"

"இல்லீங்க, நீங்க பாயி, அதுல தலைவரு..."

"யோவ், சீனிவாசலு ஊட்டுக்காரம்மா சொல்லித்தான்யா கழட்டறேன். ஏணியப் புடிக்கறதுன்னா புடி, இல்லீன்னா போயி டீயை ஆத்து."

அவன் டீயை ஆத்தப் போயிட்டான். நான் மேல ஏறி மொத முடிச்ச வெட்டறேன், ஒயரு சாரல்ல வழுக்குது, காத்து ஏணிய ஆட்டுது. ரெண்டாவது முடிச்சுல பிளேயரு வெக்கறப்பப் பஸ்ஸு வந்து நின்னுச்சு. கீழ பாத்தேன். பச்சைக் கலர்ச் சேலை, நெத்தியில காசு அகலம் குங்குமம், கையில ஒரு மஞ்சப் பை. மொழங்காலைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா எறங்குனாங்க.

எனக்கு ஏணி மேல இருந்து எறங்கறதா, பேனரை ஒடம்பால மறைக்கறதான்னு தெரியல. கையை விரிச்சு மறைக்கப் பாத்தேனுங்க, என்ற அறிவைப் பாருங்க. பன்னெண்டு அடி பேனரு, நான் அஞ்சேகால் அடி.

அந்தம்மா நேரா வந்து கீழ நின்னு அண்ணாந்து பாத்தாங்க. முந்தானையத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு, சாரல்ல நனைஞ்சுக்கிட்டே பாத்தாங்க. வாய் மட்டும் அசைஞ்சுது. ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிக்கறாங்கன்னு தெரிஞ்சுது. நான் எறங்கி வந்தேன்.

"அம்மா, நீங்க அந்தியூருங்களா? பங்காரம்மாக்கா உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. இது வந்துங்க, கடைக்காரன் ஆளை மாத்திப் போட்டுட்டானுங்க. எழுதுனதும் தப்புங்க. எங்க ஊரு முட்டாப் பசங்க..."

"தப்பில்லீங்க தம்பி"ன்னாங்க. "ஒரு ஆளாச்சும் எழுதுனாங்களே."

நான் பிளேயரை ஜோப்புல போட்டுக்கிட்டேன்.

"எங்கிட்ட அவரு போட்டோ ஒண்ணுமில்ல. இம்முட்டுச் சின்னப் பையனாவா இருந்தாரு? எனக்கு ஒரு பேரன் இருந்திருந்தா இப்படித்தான் இருப்பான் போல. ஆனா இவ்வளவு செவப்பில்லீங்க. நல்ல கருப்பு."

"அம்மா, மனசைத் தேத்திக்குங்க. அவரு செத்தாருன்னு..."

"அது எனக்குத் தெரியுமே கண்ணு."

"எப்பத் தெரியுமுங்க?"

"மொத வாரமே. ரேடியோவுல அவரு பேரைச் சொல்லி ஒரு சினிமாப் பாட்டப் போட்டாங்க பாரு, அப்பவே." அந்தம்மா பேனரை விட்டுக் கண்ணை எடுக்காமச் சொன்னாங்க. "எங்கூட்டுக்காரருக்கு விடிய விடியக் கூத்துப் பாக்கோணும். சினிமாப் பாட்டுன்னா காதைப் பொத்திக்குவாரு. எதுத்த ஊட்ல பாட்டு வெச்சாச் சண்டைக்குப் போவாரு. அந்த மனுசன் பாட்டுக் கேட்டுக் கார்டு போடுவாரா? அது சீனண்ணன் வேலைன்னு தெரிஞ்சு போச்சு. உசுரோட இருந்தா அந்தண்ணன் எதுக்கு இவரு பேருல கார்டு எழுதோணும்? அன்னைக்கே மாட்டுக் கொட்டாயில உக்காந்து அழுது முடிச்சுட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க இந்தப் பொட்டு? இத்தன வருசம்?"

"உங்க சீனண்ணனுக்குத்தான். வருசா வருசம் ஆடிக்கு வருவாரு. வாசப்படியில நின்னு மொதல்ல என்ற நெத்தியத்தான் பாப்பாரு. பொட்டு இருந்தா அவரு மொகம் தெளிஞ்சுரும். காப்பித் தண்ணி குடிப்பாரு, குதிரைக் கதை பேசுவாரு, அம்மணி கேட்டுதா, அம்மணி கேட்டுதாம்பாரு. ஒரு வருசம் காய்ச்சல்ல பொட்டு வெக்காம இருந்துட்டேன். வாசல்லயே ஒக்காந்துட்டாரு கண்ணு. ஓடிப் போயி வெச்சுக்கிட்டு வந்தேன். செத்தவரு செத்துட்டாரு, உசுரோட வந்தவரையும் எதுக்குக் கொல்றதுன்னு இருந்துட்டேன்."

முந்தானையை எடுத்து நெத்தியத் தொடச்சாங்க. சாரல்ல ஏற்கெனவே கரைஞ்சுதான் இருந்துச்சு. மூக்கு வரைக்கும் செவப்பா எறங்கிச்சு, அதையும் தொடச்சாங்க.

"இதை அவுக்காதே. சாயங்காலம் நான் போறப்பச் சுருட்டிக் குடு. கீழ கும்புடறானே, அந்தாளை மட்டும் வெட்டிப்போடு."

ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வாசல்ல நின்ன பங்காரம்மாக்கா அந்த வெறும் நெத்தியப் பாத்தாங்க. பாத்ததும் "அய்யோ, போச்சே"ன்னு வாயில அடிச்சுக்கிட்டாங்க. பாவாத்தாம்மா அவங்க கையப் புடிச்சு நிறுத்தி, என்கிட்டச் சொன்னதையே சொன்னாங்க. அக்காவுக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

"தெரியுமா? உனக்குத் தெரியுமா? அடியே, வாரா வாரம் கார்டு வாங்கிட்டு வந்து குடுத்தவ நானு! உன்ற மனசு நோகக் கூடாதுன்னு இந்த ஊட்ல ஒரு பட்டாளத்துப் படங்கூடப் பாக்கல நாங்க! அந்த மனுசன் தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருவாரு. ஒரு வார்த்தை, தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருப்பாரேடி!"

"சொல்லியிருந்தா நீ பொய் சொன்னீன்னு சொன்ன மாதிரி ஆயிருக்குமே அக்கா. அதைத் தாங்குவாரா?"

ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு, திட்டறதும் அழுகறதுமா அந்த வாசல்லயே நின்னாங்க. சீனண்ணா, உங்களையெல்லாம் என்னன்னு சொல்றதுங்க?

உள்ள ஐயரு அவசரப்படுத்துனாரு. நரசிம்மலு மணையில உக்காந்திருந்தாரு. பேனரு இன்னும் நிக்குதுன்னு யாரோ சொல்லிட்டாங்க போல. பங்காரம்மாக்கா மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு உள்ள போனாங்க.

"சாமி, இன்னொரு இலை போடுங்க. பொங்கியண்ணனுக்கும் ஒட்டுக்காப் பண்ணிருங்க."

"அந்நிய ஆளுக்கு எங்கண்ணன் காரியத்துல..." நரசிம்மலு எந்திரிக்கப் போனாரு.

"உக்காரு. அவரு மூஞ்சியத்தான ஊருக்கே ஒட்டி வெச்சிருக்கற. ரெண்டு பேருக்கும் நீதான் பண்ணற."

நரசிம்மலு உக்காந்துட்டாரு.

ஐயரு பஞ்சாங்கத்தை எடுத்தாரு. "அதெல்லாம் அப்படி நெனச்சாப்பல பண்ண முடியாதுங்கம்மா. இறந்த நாள் வேணும், திதி வேணும். எப்பத் தவறுனாரு?"

எல்லாரும் பாவாத்தாம்மாவைப் பாத்தாங்க. அந்தம்மா மொழங்காலைப் புடிச்சுக்கிட்டு மெதுவா இலைக்கு முன்னால உக்காந்தாங்க.

"நாள் தெரியாதவங்களுக்குச் சேதி வந்த நாளு வெச்சுப் பண்ணுவாங்க இல்லீங்களா சாமி?"

"ஆமாங்க, அப்படி ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு எப்பச் சேதி வந்துச்சு?"

"இன்னைக்குத்தானுங்க"ன்னாங்க பாவாத்தாம்மா. "இப்ப, பஸ்ஸை விட்டு எறங்கறப்ப."